ஒரு கவுளி மீனா

பாண்டிமீனாவுக்கு வாய் அதிகம். இதை யாரும் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வதில்லை, நேரிலேயே சொல்வார்கள். சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலை அடுக்கும் பெண்கள் எல்லோருமே பேசிக்கொண்டு வேலை செய்கிறவர்கள்தான். ஆனால் பாண்டிமீனா வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு இடம் கிடைக்காது. யார் வீட்டில் என்ன குழம்பு, ஆரப்பாளையம் பஸ் ஏன் இன்றைக்கு வரவில்லை, எந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்தான் என்பதெல்லாம் அவள் வாய் வழியாகத்தான் ஊருக்குள் போகும். அத்தனை பேச்சுக்கு நடுவிலும் விரல் தப்பாது. எண்பத்தேழு, எண்பத்தெட்டு என்று உள்ளே தனியாக ஒரு எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். நூறு சேர்ந்ததும் வாழைநாரால் ஒரு கட்டு. அதுதான் ஒரு கவுளி.

கவுளி கட்டுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஓரம் கிழிந்தது, புள்ளி விழுந்தது, நுனி கருகியது எதுவும் அவள் கட்டுக்குள் நுழைய முடியாது. சில பேர் மேலும் கீழும் நல்ல இலையை வைத்து, நடுவில் சொத்தையைச் செருகிக் கட்டிவிடுவார்கள். அவர்களைக் கண்டால் இவளுக்கு ஆகாது. "ஒரு அழுகல் உள்ள போச்சுன்னா மறுநா காலையில கவுளியே நாறிப்போகும்" என்பாள். அவள் கட்டியதை ஒத்தக்கடை வியாபாரி பிரித்துக்கூடப் பார்க்காமல் கூடையில் போட்டுக்கொள்வார்.

இப்பேர்ப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே மகள் நாலு வயதாகியும் பேசவில்லை.

மகளுக்குத் தங்கப்பொண்ணு என்று பெயர். கணவன் முத்துக்குமரனின் செத்துப்போன அம்மா பெயர் அது. கூப்பிடுவது தங்கம். கண்ணும் சிரிப்பும் பார்க்கிறவர்களை இழுத்து உட்கார வைத்துவிடும். சொன்னது எல்லாம் புரியும். "அப்பா செருப்பை எடுத்துட்டு வா" என்றால் இரண்டு செருப்பையும் சோடி சேர்த்துக் கொண்டுவந்து வைக்கும். பாட்டுப் போட்டால் ஆடும். பேசச் சொன்னால் மட்டும் "ஆ", "ஊ", "ம்". அவ்வளவுதான்.

அந்த மூன்று சத்தத்தை வைத்துக்கொண்டே பாண்டிமீனா மகளின் மனசை முழுசாகப் படித்துவிடுவாள். தலையைச் சாய்த்து "ஆ" என்றால் தண்ணீர். கையைத் தூக்கி "ஆ" என்றால் இடுப்பில் தூக்கு. "ஊ" என்று இழுத்தால் வெளியே நாய் நிற்கிறது. பிள்ளை வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லி முடித்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து இலை அடுக்கும் ஒச்சம்மாள் ஒருநாள் சொன்னாள்: "பிள்ளை பேசாம என்னடி செய்யும்? அம்புட்டுப் பேச்சையும் நீயே பேசித் தீத்துட்ட. அதுக்கு மிச்சம் வச்சாத்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டிமீனாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினார்கள். கிளி கொத்திய கொய்யாப்பழத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். நாக்குக்கு அடியில் அறுத்துவிட்டால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார், நல்லவேளை முத்துக்குமரன் அவரை வாசலோடு அனுப்பிவிட்டான். அவன் வெற்றிலை பயிராகும் கொடிக்காலில் கூலிக்கு நிற்கிறவன், அதிகம் பேசாதவன். "எங்க அப்பா அஞ்சு வயசுலதான் பேசுனாராம். இதுவும் பேசும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

இதற்கு நடுவில் ஒருநாள் கொடிக்காலுக்குப் போகிற வரப்பில் தங்கத்தின் காலில் கருவேலமுள் ஏறிவிட்டது. பிள்ளை "அம்மா!" என்று கத்தியது. அத்தனை சுத்தமாக, எல்லாப் பிள்ளைகளும் கத்துவது போலவே கத்தியது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பாண்டிமீனா மகளைக் கட்டிப்பிடித்து, "இன்னொரு தடவை சொல்லுடி என் தங்கம், அம்மா சொல்லு" என்றாள். தங்கம் வாயைத் திறந்தாள். உதடு எங்கே போவது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தது. "ஆவ்" என்றாள். "பா" என்றாள். பிறகு ஒன்றும் வரவில்லை.

கூட இருந்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பேச்சு இருக்கிறது, பிள்ளைதான் பேச மாட்டேன் என்கிறது. சரியான அழுத்தக்காரி.

பாண்டிமீனாவும் அதை நம்பினாள். மறுநாள் ஒரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா சொல்லு, தாரேன்." தங்கம் முயன்றாள். நெற்றி வியர்க்க வியர்க்க முயன்றாள். "சொன்னாத்தான் தருவேன்" என்று இவளும் விடவில்லை. கடைசியில் பிள்ளை தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகு மூன்று நாள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. ஊருக்கே சேதி சொல்லுகிற பாண்டிமீனா இந்தச் சேதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் மாரியம்மன் வைகாசித் திருவிழாவில், பால்குடம் எடுக்கிற காலையில், கூட்டத்தில் தங்கம் கை நழுவிப் போனாள். இருபது நிமிடம். பிள்ளையைத் தொலைத்தவளுக்கு அது இருபது வருடம். ஊர் முழுக்கக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் மைக் செட் மலையாண்டியின் குரல் கேட்டது:

"மஞ்சக் கவுன் போட்ட பெண் குழந்தை ஒண்ணு நம்ம மேடையில இருக்கு. வாய் பேசாத குழந்தை. பேரு, ஊரு எதுவும் சொல்லத் தெரியல. பெத்தவங்க எங்க இருந்தாலும் உடனே வரவும். வாய் பேசாத குழந்தை..."

ஓடிப்போய்ப் பார்த்தால் தங்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ வாங்கிக் கொடுத்த ரோஸ்மில்க்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மலையாண்டி நல்ல மனிதர். "எம்புட்டோ கேட்டுப் பாத்தேன் தாயி. யாரு பிள்ளைன்னு சொல்லவாவது பழக்கி விடுங்க. இன்னொரு நாளைக்கு இன்னொரு கூட்டத்துல எப்பிடியோ" என்றார். பாண்டிமீனா பிள்ளையை இடுப்பில் இறுக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முத்துக்குமரனிடம் சொன்னாள்: "மாமா, எனக்கு அது பாட்டுப் படிக்க வேணாம், கதை சொல்ல வேணாம். யாரு பிள்ளைன்னு கேட்டா என் பேரைச் சொல்லணும். அது போதும்." அடுத்த வருடம் தானே பால்குடம் எடுப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆனால் வேண்டுதலோடு நிற்கவில்லை. அங்கன்வாடி அம்மா விலாசம் எழுதிக் கொடுத்த ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு, மறு வாரமே மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

ஆரப்பாளையத்தில் இறங்கி இரண்டு தெரு நடந்தால் ஒரு மாடி. மாடியில் இரண்டு அறை. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிரியம்வதா என்கிற பெண் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. "வாங்க டாக்டரம்மா" என்று பழக்கதோஷத்தில் இவள் அவளையே வரவேற்க, "நான் டாக்டர் இல்லக்கா, நீங்க முதல்ல உக்காருங்க" என்றாள் அவள். அன்றிலிருந்து அவள் டீச்சர்.

டீச்சர் முதல் நாள் தங்கத்தோடு தரையில் உட்கார்ந்து விளையாடினாள். பலூன் ஊதச் சொன்னாள், நாக்கை நீட்டச் சொன்னாள், ஒரே சொல்லை ஐந்து தடவை சொல்ல வைத்துப் பார்த்தாள். காதுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். நாலு வாரம் பார்த்துவிட்டு, ஒருநாள் பாண்டிமீனாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"அக்கா, தங்கத்துக்குக் காது நல்லா கேக்குது. புத்தி ரொம்ப நல்லா இருக்கு. நாக்குக்கும் உதட்டுக்கும் பலம் இருக்கு. என்ன சொல்லணும்னும் அவளுக்குத் தெரியும். ஆனா ஒரு சொல்லுக்கு உதடு எப்ப மூடணும், நாக்கு எப்ப மேல போகணும், சத்தம் எப்ப வரணும்னு மூளை வரிசையா உத்தரவு போடணும். நமக்கெல்லாம் அது தன்னால நடந்துடும். இவளுக்கு அந்த வரிசை தடுமாறுது. அதனாலதான் ஒரே சொல்லு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது. இதுக்கு அப்ராக்ஸியான்னு பேர்."

பாண்டிமீனா தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். "புதுசா வெத்தலை கிள்ள வர்ற பிள்ளைக மாதிரியா டீச்சர்? எந்த இலையைக் கிள்ளணும்னு கண்ணுக்குத் தெரியும். நகம் அங்க போகாது."

"அதேதான். இவ்வளவு நல்லா நான்கூடச் சொல்லல."

"அப்ப முள்ளு குத்துனப்ப மட்டும் அம்மான்னு கத்துனாளே?"

"வலியில தானா வர்ற சொல்லு வேறக்கா, நெனச்சு, முயற்சி பண்ணிச் சொல்ற சொல்லு வேற. தானா வர்றது சில சமயம் சுத்தமா வந்துடும். நீங்க திருப்பிக் கேட்டப்ப அவளால முடியல. அவ அழுத்தக்காரி இல்ல."

அவ்வளவுதான். பாண்டிமீனா உடைந்துபோனாள். முறுக்குக் கதை முழுவதும் வெளியே வந்துவிட்டது. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பியதைச் சொல்லும்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டீச்சர் திட்டவில்லை. "தெரியாமச் செஞ்சீங்க. இனிமே செய்ய வேணாம். இது நீங்க பேசினதாலயும் வரல, பேசாததாலயும் வரல" என்று சொல்லி, சின்னச் சின்னப் படங்கள் ஒட்டிய அட்டைகளைக் கொடுத்தாள். தண்ணீர், சோறு, வலி, வெளியே போகலாம். வாய் வருகிற வரைக்கும் தங்கம் அதைத் தொட்டுக் காட்டலாம்.

"படத்தைக் காட்டிப் பழகிட்டா, பேச வேணாம்னு இருந்துருமே?"

"இருக்க மாட்டா. கேட்டது கெடைக்கும்னு தெரிஞ்சாத்தான் கேக்கவே தோணும்."

முதலில் எந்தச் சொல்லைப் பழக்குவது என்று பேச்சு வந்தது. பாண்டிமீனா தயாராக இருந்தாள். "யாரு பிள்ளைன்னு கேட்டாச் சொல்லணும் டீச்சர். எங்க வீட்டுக்காரர் பேரு முத்துக்குமரன், அதைச் சொன்னா நமக்கே நாக்கு சுளுக்கிக்கும். என் பேரு போதும்." பாண்டிமீனா நீளம், அதனால் மீனாவில் தொடங்கலாம் என்றாள் டீச்சர். உதடு மூடித் திறந்தால் மீ. நாக்கு நுனி மேலே தொட்டு இறங்கினால் னா. முகத்துக்கு நேரே முகம் வைத்து, மெதுவாக இழுத்து, சேர்ந்து சொல்ல வேண்டும். பிறகு அம்மா குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிள்ளையைத் தனியே விட வேண்டும்.

"கேட்டுட்டு, அவ முயற்சி பண்றதுக்கு நேரம் குடுங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் நீங்க பேசக்கூடாது."

பாண்டிமீனாவைப் பட்டினி கிடக்கச் சொல்லியிருந்தால் சுலபமாகக் கிடந்திருப்பாள்.

கிளம்பும்போது டீச்சர் ஒன்று சேர்த்துச் சொன்னாள். இந்தப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் மருந்து. விளையாட்டுப் போல, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு நூறு தடவைகூட ஆகலாம். மற்றதெல்லாம் பஸ்ஸில் பாதி வழியிலேயே இவளுக்கு மறந்துபோயிற்று. நூறு மட்டும் நின்றது. நூறு என்றால் என்ன, ஒரு கவுளி! அது நம்ம கை வேலையாச்சே.

மறுநாளே தொடங்கிவிட்டாள். அடுக்கும்போது கழித்துப்போட்ட இலைகளை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். தங்கத்தை முன்னால் உட்கார வைத்து, "மீனா சொல்லு" என்பாள். தங்கம் ஏதாவது சொன்னதும் அவள் முன்னால் ஒரு இலை. "நீமா" என்றாலும் இலை, "ஈனா" என்றாலும் இலை. பிள்ளை வாயைத் திறக்கிறதே என்கிற சந்தோஷம் இவளுக்கு. இலை குவிகிறதே என்கிற சந்தோஷம் அவளுக்கு. நூறு சேர்ந்ததும் நார் போட்டு ஒரு கட்டு. மழை பெய்தாலும் காய்ச்சல் அடித்தாலும் ஒரு நாளைக்கு ஒரு கவுளி தவறாது. முத்துக்குமரன்கூட, "பிள்ளைக்குக் கொஞ்சம் ஓய்வு குடு புள்ள" என்று பார்த்தான். அவனுக்கும் சேர்த்து இவள் பேசினாள்.

மூன்று வாரம் கழித்து, கடைசி ஏழு நாளின் கட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றாள். "ஏழு கவுளி டீச்சர். ஒண்ணு குறையாது, எண்ணிக்கோங்க."

டீச்சர் அசந்துபோனாள். தங்கத்தை மடியில் உட்கார வைத்து, "எங்க, சொல்லு பாப்போம்" என்றாள்.

"மீமா" என்றாள் தங்கம்.

"இன்னொரு தடவை?"

"மீமா." தயக்கமே இல்லை. "மீமா. மீமா."

முன்பெல்லாம் பத்துத் தடவைக்கு ஒன்றாவது தற்செயலாகச் சரியாக வரும். இப்போது பத்தும் ஒரே மாதிரி, பத்தும் தப்பு. டீச்சர் சிரித்த முகத்தை மாற்றாமல் பிள்ளைக்கு ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இந்த எழுநூறுல எத்தனை மீனா, எத்தனை மீமா?"

"சொன்னதையெல்லாம் எண்ணுனேன்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பைக்குள் பார்த்தாள். ஒரு கட்டை எடுத்து நாரை அவிழ்த்தாள். ஓரம் கிழிந்தது, புள்ளி விழுந்தது, நுனி கருகியது. நடுவில் இரண்டு இலை அழுகி ஒட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையால் இப்படியொரு கவுளி கட்டியிருக்கிறாள்.

"எல்லாம் சொத்தை" என்றாள்.

டீச்சர் அழுகிய இரண்டு இலையையும் எடுத்துத் தனியே வைத்தாள்.

"எங்க வேலையிலயும் அப்பிடித்தான் டீச்சர். புதுசா வர்ற பிள்ளைக்கு முதல்லயே கை தப்பாப் படிஞ்சுருச்சுன்னா, அப்புறம் மாத்துறது பெரும்பாடு. நான் தப்பையே நூறு நூறாப் படிய வச்சுட்டேன்."

"நானும் நூறுன்னு சொன்னேனே தவிர, எப்படிப்பட்ட நூறுன்னு சரியாச் சொல்லாம விட்டுட்டேன். ரெண்டு பேரு தப்பும்தான். இப்பத்தான மூணு வாரம், மாத்திடலாம்" என்றாள் பிரியம்வதா. இரண்டு பேரும் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, தெருவில் நின்ற மாட்டுக்கு ஏழு கவுளியையும் போட்டார்கள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து கழிவு இலைக்கு வீட்டில் இடமில்லை. இலை அடுக்குகிற இடத்து முதலாளியிடம் கேட்டு, முதல் தரத்தில் பத்து இலை மட்டும் வாங்கி வருவாள். சொல் சரியாக வந்தால் ஒரு இலை. தப்பாக வந்தால் இலையும் இல்லை, திட்டும் இல்லை. இன்னும் மெதுவாக, இன்னும் பக்கத்தில் முகத்தை வைத்துச் சேர்ந்து சொல்வாள். முதல் நாள் இரண்டு இலைதான் கொடுக்க முடிந்தது. மறுநாள் ஒன்றுமே இல்லை. அதற்கடுத்த நாள் நாலு. களைத்துவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவாள். இலை வாடிப்போகும் என்பதால் பத்துக்கு ஒரு முடிச்சு என்று ஒரு வாழைநாரில் கணக்கு வைத்தாள். கேட்டுவிட்டு ஐந்து எண்ணுகிற வரை பேசாமல் இருக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டாள். அந்த ஐந்துக்குள் அவள் முகம் படும் பாட்டைப் பார்க்கவே ஒச்சம்மாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவாள்.

நாரில் பத்தாவது முடிச்சு விழ இரண்டரை மாதம் ஆனது. அன்றைக்குப் பாண்டிமீனா புதிதாக, பளபளவென்று ஒரு கவுளி கட்டி, பாக்கும் வாங்கி, தட்டில் வைத்துத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்தாள்.

"என்னடி விசேஷம், வெத்தலை பாக்கு வைக்கிற?" என்றாள் ஒச்சம்மாள்.

"எம்மக என்னைய நூறு தடவை சுத்தமாப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாக்கா."

"பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதுக்கு வெத்தலை வைக்கிற ஒரே ஆளு நீதான்டி" என்று ஒச்சம்மாள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு இலைக்குப் பதிலாக நாலு இலையை எடுத்துக்கொண்டாள்.

முத்துக்குமரனுக்குத்தான் கவலை. "மதுரைப் பக்கம் கூட்டத்துல மீனான்னு கூப்பிட்டா அம்பது பேரு திரும்புவாளுக. முழுப் பேரும் வரணும் புள்ள." அதுவும் நியாயம்தான். டீச்சர் பெயரைக் கடைசி எழுத்துகளிலிருந்து முன்னால் நோக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் டிமீனா. அது வந்த பிறகு பாண்டிமீனா. மொபெட்டில் முன்னால் நிறுத்திக்கொண்டு போகும்போது முத்துக்குமரன் "பாண்" என்பான், தங்கம் "டிமீனா" என்று முடித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். பேசாத மனிதன் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் அதையே கத்திக்கொண்டு போவான். மாசி பிறக்கும்போது துண்டு துண்டாக முழுப் பெயரும் வந்தது. தண்ணி, வா, போ, வேணாம் என்று வேறு சொற்களும் சேர்ந்திருந்தன. ஆனால் வீட்டில் வருவது வெளியே வராது. யாராவது புதியவர் கேட்டால் உதடு பழையபடி நெளியும், கை வாய்க்குப் போகும்.

"பயமும் அவசரமும் வந்தா வரிசை கலைஞ்சுடும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் பயிற்சி வேணும். திருவிழாவை மனசுல வச்சு அவளை நெருக்காதீங்க" என்றாள் டீச்சர். பாண்டிமீனா தலையை ஆட்டினாள். ஆனால் வைகாசி வராமல் இருக்குமா?

பால்குடத்தன்று காலை, மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலை சுற்றிய குடத்தைத் தலையில் ஏற்றினாள். எடுத்த குடத்தை அம்மனுக்கு ஊற்றுகிற வரைக்கும் கீழே வைக்கக் கூடாது. வைகைக் கரையிலிருந்து கோயிலுக்கு வரிசை நகர்ந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள், முன்னால் மேளம், பின்னால் ஒச்சம்மாள். "பிள்ளை கையை விட்டீங்க, அப்புறம் இருக்கு" என்று முத்துக்குமரனை ஏழெட்டுத் தடவை எச்சரித்திருந்தாள். அவனும் விடவில்லை. நீர்மோர் வாங்க ஒரு நிமிடம் விட்டான்.

அவன் வரிசைக்குப் பக்கத்தில் ஓடி வந்தபோதே அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மீனா, பிள்ளையக் காணோம்."

இரண்டு கையும் குடத்தில். முன்னால் கூட்டம், பின்னால் கூட்டம். "போங்க, தேடுங்க!" என்று கத்தினாள். குடம் தளும்பிப் பால் நெற்றியில் வழிந்தது. "ஆட்டாதடி, ஆத்தா பாத்துக்குவா" என்று பின்னாலிருந்து ஒச்சம்மாள் அழுகிற குரலில் சொன்னாள்.

அப்போது மின்கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் கொரகொரத்தது.

"ஊதாக் கவுன் போட்ட பெண் குழந்தை ஒண்ணு நம்ம மேடைக்கு வந்திருக்கு..." மலையாண்டி நிறுத்தினார். அடுத்த சொல் என்னவென்று பாண்டிமீனாவுக்குத் தெரியும். ஒரு வருடமாக அது அவள் காதை விட்டுப் போகவில்லை. "இருங்க, இருங்க. பாப்பா ஏதோ சொல்ல வருது. யாரு பிள்ளை கண்ணு நீ?"

மைக் எதிலோ இடித்தது. பிறகு ஊர் முழுக்க ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"பா..." என்றது. நின்றது. "பாய்..." என்றது. மறுபடி நின்றது.

"சரி, பாப்பாவுக்கு வாய்..." என்று மலையாண்டி தொடங்கினார்.

"அண்ணே, வாயை மூடுங்க! அஞ்சு எண்ணுங்க!" என்று பாண்டிமீனா மின்கம்பத்தைப் பார்த்துக் கத்தினாள். மலையாண்டிக்கு எப்படிக் கேட்கும்? ஆனாலும் அவர் நிறுத்தினார். ஒருவேளை பிள்ளை அவர் கையைப் பிடித்திருக்கலாம். இவள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"பாண்... டி... மீ... னா."

அவள் பெயர் ஆற்றுக் கரையிலும் கேட்டது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"யாரு, கொடிக்கால் பாண்டிமீனாவா? அட, போன வருசம் ரோஸ்மில்க் குடிச்ச பிள்ளையா நீ!" மலையாண்டியின் சிரிப்பு ஸ்பீக்கரில் அதிர்ந்தது. "தாயி பாண்டிமீனா, உன் மக பேசிருச்சு தாயி! எங்கிட்ட பத்திரமா இருக்கு. பதறாம பால ஊத்திட்டு வா!"

வரிசை கோயிலைச் சேர இன்னும் அரை மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் தங்கம் மைக்கை விடவில்லை. கொஞ்சம் மேளம், கொஞ்சம் மௌனம், மறுபடி "பாண்டி... மீனா". நடுவில் ஒருமுறை "வா" என்றும் சேர்த்துக்கொண்டாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பாண்டிமீனாவைப் பார்த்துச் சிரித்தார்கள். துடைக்கக் கை இல்லாமல், பாலும் கண்ணீரும் ஒன்றாக ஒழுக, அவள் நடந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதற்கு முன்னால் அழுததில்லை.

பாலை ஊற்றிவிட்டு, வெறும் குடத்தோடு மேடைக்கு ஓடினாள். முத்துக்குமரன் முன்னாலேயே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். "விடாமச் சொல்லிருச்சு தாயி" என்றார் மலையாண்டி.

"பதினொரு தடவைண்ணே. எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்" என்றாள் பாண்டிமீனா, மூச்சு வாங்க. "ரெண்டு சொத்தை. ஒம்பது நல்ல இலை."

தங்கம் நாற்காலியில் இருந்தபடியே அம்மாவைப் பார்த்துச் சிரித்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

பாண்டிமீனா குடத்தின் கழுத்தில் சுற்றியிருந்த வேப்பங்கொத்திலிருந்து ஒவ்வோர் இலையாகக் கிள்ளி அந்தக் கையில் எண்ணி வைத்தாள். ஆறாவது இலையில் ஒரு புள்ளி இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு வேறொன்று கிள்ளினாள்.